ஈன்றவளும் வளர்த்தவளும்: குழந்தைப் பிணைப்புக் கோட்பாட்டின் நோக்கில் யசோதையும் தேவகியும்

முன்னுரை

தாய்மையைப் பற்றிப் பேசும் தமிழர் மேடைகளில் பெரும்பாலும் ஒரே குரல் ஒலிக்கக் கேட்கின்றோம். ஈன்றவளே தாய், அவளுக்கு மாற்று இல்லை, அவள் வேலைக்குச் சென்றால் பிள்ளை அன்பின்றி வாடும் என்பதே அக்குரல் கூறும் செய்தியாகும். இக்கருத்துக்கு இலக்கியச் சான்று காட்ட விரும்புவோர் பெரியாழ்வார் படைத்த யசோதையைத் தவறாமல் முன்னிறுத்துவர். தாலாட்டுகின்றாள், நீராட்டுகின்றாள், கண்ணேறு படாமல் காப்பிடுகின்றாள்; இவளன்றோ தாய் என்பர். அவ்வாறு கூறுவோர் ஓர் எளிய உண்மையை மறந்துவிடுகின்றனர். யசோதை கண்ணனை ஈன்றவள் அல்லள்.

தமிழில் தாயன்பின் முழுவடிவமாகப் போற்றப்படும் பாத்திரம் ஒரு வளர்ப்புத்தாய் என்பது தற்செயலாக நேர்ந்ததா? கைக்குழந்தைக்கும் அதனைப் பேணுவோர்க்கும் இடையே உறவு எவ்வாறு உருவாகின்றது என்பதை ஆராயும் உளவியல் துறை, பிணைப்புக் கோட்பாடு என ஒன்றை வகுத்துள்ளது. அக்கோட்பாட்டின் துணையுடன் பெரியாழ்வார் திருமொழியையும், குலசேகரர் பாடிய தேவகியின் புலம்பலையும், சங்க அகப்பாடல்களின் செவிலியையும் மீள்நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். இலக்கியம் அக்கோட்பாட்டின்மீது எழுப்பும் வினாக்களும் இங்கு எடுத்துக்காட்டப்படும்.

பிணைப்புக் கோட்பாடு: தோற்றமும் திருத்தமும்

பிணைப்புக் கோட்பாட்டின் முதல்வராகக் கருதப்படுபவர் ஆங்கில உளமருத்துவர் ஜான் பௌல்பி ஆவார். 1907இல் லண்டனில் உயர்குடிக் குடும்பம் ஒன்றில் பிறந்த இவர், அக்கால வழக்கப்படி பணிப்பெண் ஒருவரின் கையில் வளர்ந்தார். பௌல்பிக்கு ஏறத்தாழ நான்கு வயதானபோது அப்பெண் பணியிலிருந்து விலகிச் சென்றார். தாயை இழந்ததற்கு நிகரான துயரமாக அப்பிரிவைப் பௌல்பி பிற்காலத்தில் குறிப்பிட்டார். நம் மரபின் சொல்லால் கூறுவதாயின், செவிலியை இழந்த ஒரு குழந்தையே வளர்ந்து இக்கோட்பாட்டை வகுத்தது எனலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர், வீடிழந்த குழந்தைகளின் நிலை குறித்து உலகச் சுகாதார நிறுவனத்திற்காகப் பௌல்பி எழுதிய அறிக்கை 1951இல் வெளிவந்தது. தாயின் அல்லது நிலையான மாற்றுத்தாயின் நெருங்கிய, இடையறாத உறவு குழந்தையின் உளநலத்திற்கு இன்றியமையாதது என்பது அதன் சாரம். மாற்றுத்தாய் என்னும் சொல் அவ்வறிக்கையிலேயே இடம்பெற்றிருந்தது. ஆயினும் அறிக்கையைப் பரப்பியோர் அச்சொல்லைக் கைவிட்டுத் தாய் என்னும் சொல்லை மட்டும் பற்றிக்கொண்டனர்.

பாலூட்டுவதனாலேயே குழந்தை தாயை நாடுகின்றது என்பது அதுவரை நிலவிய கருத்தாகும். அமெரிக்க உளவியலாளர் ஹாரி ஹார்லோ 1958இல் வெளியிட்ட குரங்குக் குட்டிகள் பற்றிய ஆய்வு இதனை அசைத்தது. பால் தரும் கம்பிப் பொம்மையும், பால் தராத மென்துணிப் பொம்மையும் ஒருங்கே வைக்கப்பட்டபோது, குட்டிகள் பசி தீர்ந்ததும் துணிப் பொம்மையையே கட்டிக்கொண்டிருந்தன. பசி தீர்ப்பதைக் காட்டிலும் அணைப்பின் ஆறுதலே அவற்றை ஈர்த்தது.

மேரி எயின்ஸ்வொர்த் 1954, 1955ஆம் ஆண்டுகளில் உகாண்டாவின் சிற்றூர்களில் தாய்மாரையும் குழந்தைகளையும் அவர்தம் இல்லங்களிலேயே கண்டு ஆராய்ந்தார். பின்னர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் 26 குடும்பங்களை ஓராண்டுக்காலம் கூர்ந்து நோக்கினார். ஏறத்தாழ ஒரு வயதுக் குழந்தையைப் புதிய அறையொன்றில் தாயிடமிருந்து சிறிது நேரம் பிரித்துப் பின் மீண்டும் சேர்க்கும் சோதனை முறை அவர் வகுத்ததாகும். பிரிவில் குழந்தை அழுகின்றதா என்பதைக் காட்டிலும், தாய் திரும்பி வந்ததும் அது என்ன செய்கின்றது என்பதையே அவர் முதன்மையாகக் கருதினார். ஓடிவந்து அணைத்து ஆறுதல் பெற்று மீண்டும் விளையாடச் செல்லும் குழந்தை பாதுகாப்பான பிணைப்புடையது. தாயைக் காணாததுபோல் இருப்பது விலகல் பிணைப்பு. அணைத்தும் தேறாமல் சினந்து அழுவது இருமனப் பிணைப்பு. இவ்வேறுபாட்டைத் தாயின் குறிப்பறியும் திறத்தோடு அவர் தொடர்புபடுத்தினார். அழுகையின் பொருளை உணர்ந்து, காலம் தாழ்த்தாமல், தக்கவாறு உதவுதலே அத்திறமாகும்.

பிணைப்பு பிறந்தவுடன் முழுமையாக அமைந்துவிடுவதில்லை. குறிப்பிட்ட சிலரைத் தேடி, அவர் பிரிந்தால் கலங்கி, அயலாரைக் கண்டு அஞ்சும் நிலை முதலாண்டின் பிற்பாதியிலேயே தெளிவாகப் புலப்படுகின்றது. ஷாஃபரும் எமர்சனும் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 60 குழந்தைகளை ஆராய்ந்து 1964இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒன்றரை வயதளவில் பெரும்பான்மைக் குழந்தைகள் ஒருவருக்கு மேற்பட்டோரிடம் பிணைப்புக் கொண்டிருந்தன. தந்தை, பாட்டி, உடன்பிறந்தோர் ஆகியோர் அவ்வட்டத்தில் இடம்பெற்றனர். மைக்கேல் ரட்டர் 1972இல் தாயிழப்புக் கருத்தை மறுஆய்வு செய்து, பிரிவு, இழப்பு, உறவே அமையாமை ஆகிய மூன்றையும் ஒன்றாகக் குழப்பலாகாது என்று எடுத்துரைத்தார். கோட்பாடு இவ்வாறு திருத்தம் பெற்றதை அறியாமல் அதன் தொடக்கநிலைக் கருத்தையே நாம் இன்னும் மேடைகளில் பேசி வருகின்றோம்.

யசோதை: நாள்தோறும் உருவாகும் உறவு

பெரியாழ்வார் திருமொழி 473 பாசுரங்களைக் கொண்டது. அதன் முற்பகுதி கண்ணனின் பிறப்பு முதலாக அவன் வளர்ச்சியைப் படிப்படியாகப் பாடுகின்றது. தாலாட்டு, நிலவை அழைத்தல், செங்கீரை, சப்பாணி, தளர்நடை என அமையும் இவ்வரிசை பிற்காலப் பிள்ளைத்தமிழ் இலக்கிய வகைக்கு வித்திட்டது என்பது அறிஞர் கருத்து. இவ்வரிசையில் யசோதையின் அன்பு குழந்தை பிறந்த கணத்திலேயே முற்றுப்பெற்ற ஒன்றாகக் காட்டப்படவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. ஒவ்வொரு பதிகமும் ஒரு செயலை மையமாகக் கொண்டுள்ளது. ஆட்டுதல், அழைத்தல், ஊட்டுதல், குளிப்பாட்டுதல், குழல்வாருதல், பூச்சூட்டுதல் ஆகிய அன்றாடப் பணிகளின் தொகுப்பாகவே தாய்மை அங்கே உருப்பெறுகின்றது.

தளர்நடைப் பதிகத்தை அடுத்து அமையும் இரண்டு பதிகங்கள் இங்குச் சிறப்பாக நோக்கத்தக்கன. ஒன்றில் தாய் குழந்தையை எதிரே வந்து அணைத்துக்கொள்ளுமாறு அழைக்கின்றாள். அடுத்ததில் குழந்தை பின்னால் வந்து முதுகைக் கட்டிக்கொள்கின்றான். முன்னதில் தாய் முனைகின்றாள்; பின்னதில் குழந்தை முனைகின்றான். நடக்கக் கற்றவன் தாயைவிட்டு விலகிச் செல்ல வல்லவன். அவ்வாற்றலைப் பெற்ற பின்னரும் தானே திரும்பி வருதலில்தான் பிணைப்பு வெளிப்படுகின்றது. எயின்ஸ்வொர்த் தாயைப் பாதுகாப்புத் தளம் எனக் குறித்தது இந்நிலையையேயாகும். பதிகங்களின் வரிசை முறையே இங்குப் பொருள் தருகின்றது.

மூன்றாம் பத்தின் முதல் மூன்று திருமொழிகள் இவ்வாய்வுக்கு மேலும் துணைபுரிகின்றன. முதலாவதில், இவன் சாதாரணப் பிள்ளை அல்லன் என்பதை உணர்ந்த யசோதை அவனுக்குப் பாலூட்ட அஞ்சுவதாகக் கூறுகின்றாள். இரண்டாவதில், அப்பிள்ளையையே கன்றுகளின் பின்னே காட்டுக்கு அனுப்பிவிட்டு, குடையும் செருப்பும் கொடாமல் அனுப்பினேனே என்று ஆற்றாமல் வருந்துகின்றாள். மூன்றாவதில், புழுதி படிந்து திரும்பி வருபவனைக் கண்டு மகிழ்கின்றாள். நீராட நீர் ஆயத்தமாக இருப்பதையும், அவனோடு உண்பதற்காகத் தந்தையும் உண்ணாமல் காத்திருப்பதையும் அவனிடம் சொல்கின்றாள்.

அச்சம், பிரிவு, மீள்வு என்னும் இம்மூன்று நிலைகளும் அடுத்தடுத்து அமைந்துள்ளன. பிள்ளை யாருடைய மகன், எத்தகைய பொருள் என்னும் அறிவு யசோதையைத் தடுமாறச் செய்கின்றது. ஆனால் அடுத்த பதிகத்திலேயே அவ்வறிவு பயனற்றதாகிவிடுகின்றது. உலகளந்தவனுக்குக் கால் சுடும் என்று ஒருத்தி கவலைகொள்கின்றாள் என்றால், அக்கவலை அறிவிலிருந்து பிறந்ததன்று. அக்கால்களை நாள்தோறும் கழுவிய கைகளிலிருந்து பிறந்ததாகும். மீள்வுக் காட்சியில் தந்தை இடம்பெறுவதும் தற்செயலன்று. காத்திருப்போர் ஒருவருக்கு மேற்பட்டோர் என்பதை ஆழ்வார் மறவாது குறித்துள்ளார்.

தேவகி: ஈன்றும் பெறாதவள்

யசோதையின் நிலையை முழுமையாக உணர, குலசேகராழ்வாரின் பெருமாள் திருமொழியில் ஏழாம் திருமொழியை அதனுடன் வைத்துப் படித்தல் வேண்டும். அது தேவகியின் புலம்பலாக அமைந்தது. ஈன்ற மகனை அன்றே பிரிந்தவள், தாலாட்டும் பேறும், தளர்நடை காணும் பேறும், அவன் உண்ட மிச்சிலை உண்ணும் பேறும் தனக்கு வாய்க்கவில்லையே என்று ஒவ்வொன்றாக எண்ணி வருந்துகின்றாள். அவை அனைத்தையும் பெற்றவள் யசோதையே என்று கூறி ஏங்குகின்றாள்.

இப்புலம்பலின் தனித்தன்மை எதில் உள்ளது? மகனை இழந்த தாயரின் புலம்பல்கள் நம் இலக்கியத்தில் பல உள. அவற்றில் இழந்த உறவின் நினைவு பேசப்படும். தேவகிக்கோ நினைவுகூர ஒன்றுமில்லை. நிகழாதவற்றின் பட்டியலே அவளது புலம்பலாகின்றது. குருதித் தொடர்பே பிணைப்பு எனின் அவளுக்கு ஒரு குறையும் இருந்திருக்கக் கூடாது. அவள் ஈன்றவள் என்பதை யாரும் மறுக்கவில்லை, அவளும் ஐயுறவில்லை. ஆயினும் தான் தாயாகவில்லை என்பதே அவளது துயரமாக உள்ளது. பெரியாழ்வார் செயல்களாக அடுக்கியவற்றைக் குலசேகரர் இன்மைகளாக அடுக்குகின்றார். இரண்டு பதிகங்களும் ஒரே கருத்தை இரு திசைகளிலிருந்து நிறுவுகின்றன எனலாம்.

பெரியாழ்வாரின் வரலாற்றோடு தொடர்புடைய மரபுச் செய்தி ஒன்றும் இங்கு நினைக்கத்தக்கது. திருவில்லிபுத்தூரில் துளசித் தோட்டத்தில் கண்டெடுத்த ஆண்டாளை மகளாக வளர்த்தவர் அவர் என வைணவ மரபு கூறுகின்றது. இதனை வரலாற்று ஆதாரமாகக் கொள்ளாவிடினும், வளர்ப்புத்தாயின் பாடலை வளர்ப்புத்தந்தை ஒருவர் பாடினார் என்று நம்பிய மரபு, ஈன்றதையும் வளர்த்ததையும் வேறுபடுத்தி அறிந்திருந்தது என்பது தெளிவு.

செவிலியர்: ஒருத்தி அல்லர், பலர்

இவ்வேறுபாடு பக்தி இலக்கியத்தில் புதிதாகத் தோன்றியதன்று. சங்க அகமரபு நற்றாய், செவிலி என இரு தாயரைக் கொண்டது. உரையாசிரியர்கள் இதனை இலக்கணக் கூறாக விளக்கினர். மாணவரும் அவ்வாறே மனனம் செய்கின்றனர். ஆனால் துறைகளைக் கூர்ந்து நோக்கினால் பணிப் பகுப்பு ஒன்று புலப்படும். தலைவி உடன்போக்கில் சென்றபின் நற்றாய் மனைக்கண் இருந்து வருந்துகின்றாள். செவிலியோ சுரத்தின் வழியே தேடிச் செல்கின்றாள். மணம் முடிந்தபின் மகளின் இல்லறத்தைக் கண்டுவந்து நற்றாய்க்கு உரைப்பவளும் செவிலியே. தேடிச் செல்லும் உரிமையையும், கண்டுவந்து கூறும் உரிமையையும் மரபு வளர்த்தவளுக்கே வழங்கியுள்ளது. இதனால் நற்றாயின் துயரம் குறைந்ததாகக் காட்டப்படவுமில்லை. ஒரு குழந்தைக்கு இரு தாயர் இருத்தல் அன்பைப் பங்கிடுவதாகாது என்னும் தெளிவு அம்மரபில் உண்டு.

நற்றிணையின் 110ஆம் பாட்டு இக்கருத்துக்கு மேலும் வலுவூட்டுகின்றது. தேன் கலந்த பாலைப் பொற்கலத்தில் ஏந்தி, நரைத்த கூந்தலையுடைய முதுசெவிலியர் கெஞ்சியும் மிரட்டியும் பின்தொடர, உண்ண மறுத்துப் பந்தரில் ஓடிய சிறுமி, இன்று வளங்குன்றிய கணவன் இல்லத்தில் ஒருபொழுது மறுத்து ஒருபொழுது உண்டு வாழ்கின்றாள். தந்தையின் செல்வத்தை நாடவில்லை. இந்த அறிவும் ஒழுக்கமும் எங்கிருந்து வந்தன என்று பாடல் வியக்கின்றது.

பிணைப்புக் கோட்பாடு அவ்வியப்புக்கு ஒரு விடை கூறும். குறும்பு செய்தாலும் கைவிடப்படாத குழந்தை, உலகை நம்பக் கற்கின்றது. நம்பக் கற்றது, பின்னர்த் தனித்து நிற்கின்றது. செல்லம் சார்பை வளர்க்கும் என்னும் பொதுக் கருத்துக்கு மாறாக, நிறைவான பேணுதலே தற்சார்பின் வேர் என்பது அக்கோட்பாட்டின் முக்கிய முடிவாகும். இப்பாடலில் செவிலியர் என்னும் பன்மை கவனிக்கத்தக்கது. குழந்தையின் பின்னே ஓடியவர் ஒருவர் அல்லர். யார் அடித்தார் என்று வினவி அத்தையையும் மாமனையும் பாட்டியையும் வரிசையாக அழைக்கும் நாட்டார் தாலாட்டு மரபிலும் இப்பன்மையையே காண்கின்றோம்.

ஒப்பீட்டின் எல்லைகள்

இவ்வாறு கூறுவதனால், பௌல்பி கண்டதை நம் முன்னோர் அன்றே கண்டனர் என்று பெருமை பேசுவது பொருந்தாது. ஆய்வு என்னும் பெயரில் அத்தகைய முடிவுகளுக்கு விரைதல் இலக்கியத்திற்கும் அறிவியலுக்கும் ஒருங்கே தீங்கு பயக்கும். உளவியலாளர் குழந்தையை நோக்கினர், அளந்தனர், தம் முடிவு தவறெனின் திருத்திக்கொண்டனர். கவிஞர் பேணுவோரின் உள்ளத்தைப் பாடினர். யசோதை பாடல்களில் குழந்தையின் மனநிலையை நாம் தாயின் சொற்கள் வழியாகவே அறிகின்றோம். மேலும், அங்குள்ள குழந்தை தெய்வம், பாடுவோர் அடியார். பக்தியின் நோக்கத்தை நீக்கிவிட்டு அப்பாசுரங்களை வளர்ப்புமுறைக் கையேடாகப் படிப்பது அவற்றைச் சிறுமைப்படுத்துவதாகும்.

எனினும், இலக்கியம் கோட்பாட்டை நோக்கி ஒரு வினாவை எழுப்புகின்றது. பிரிவில் குழந்தை படும் துயரை எதிர்ப்பு, நம்பிக்கையிழப்பு, ஒதுக்கம் என வகைப்படுத்திய அறிவியல், பேணுவோர் படும் துயருக்கு அதே அளவு இடமளித்ததா? சுரத்தில் அலையும் செவிலியும், சிறையில் ஏங்கிய தேவகியும், வாயிலில் காத்திருந்த யசோதையும் உறவின் மறுமுனையை நமக்கு நினைவூட்டுகின்றனர். பிணைப்பு என்பது இருமுனை கொண்ட கயிறு. ஒரு முனையை மட்டும் அளந்தால் அதன் இழுவிசை புலப்படாது.

ஆயாக்கொட்டகையும் இன்றைய நிலையும்

அம்மறுமுனையை மலேசியத் தமிழர் தம் வாழ்விலேயே கண்டுள்ளனர். வெயில் ஏறுமுன் பால் நன்கு வடியும் என்பதால், இரப்பர்த் தோட்டங்களில் பெண்கள் விடியுமுன்னரே பெரட்டுக்குச் சென்றனர். கைக்குழந்தைகள் இருட்டிலேயே ஆயாக்கொட்டகைக்குத் தூக்கிச் செல்லப்பட்டன. அங்கே ஏணைகளை ஆட்டியும், அழுத பிள்ளையை இடுப்பில் சுமந்தும் பேணியவர் ஆயா. நம் தோட்டப்புற நினைவுகளில் கங்காணியும் கிராணியும் பெற்ற இடத்தில் ஒரு சிறு பங்கினையேனும் அவர் பெறுதல் வேண்டும். சங்கத்துச் செவிலிக்கு ஒரு துறை வகுத்த மரபின் வழிவந்தோர், தோட்டத்துச் செவிலியை மறப்பது முறையன்று.

ஆயாக்கொட்டகையை அழகுபடுத்திக் காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒருவர் கையில் பல குழந்தைகள் எனின், ஒவ்வொன்றின் குறிப்பையும் அறிந்து உதவுதல் அரிது. அது ஆயாவின் குறையன்று. கூலியை மிச்சப்படுத்திய அமைப்பின் குறை. அத்தாயரின் வேலைக்குச் செல்லும் நிலையும் அவர்தம் விருப்பத்தால் அமைந்ததன்று. ஆதலின் அவர்களை அன்பில்லாதவர் என எடைபோட எந்தக் கோட்பாட்டுக்கும் உரிமையில்லை.

அண்மைக்கால ஆய்வுகளும் இதனையே வலியுறுத்துகின்றன. அமெரிக்காவில் 1991இல் தொடங்கி 1,300க்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 1997இல் வெளியிட்ட முடிவின்படி, பிறர் பேணுதலில் இருத்தல் என்பது தன்னளவில் தாய்க்கும் குழந்தைக்கும் இடையிலான பிணைப்பைக் குலைப்பதில்லை. இல்லத்தில் குறிப்பறியாமையும் வெளியில் தரக்குறைவான பேணுதலும் ஒருங்கே சேரும்போதே பாதுகாப்பற்ற பிணைப்பு மிகுதியாகக் காணப்பட்டது.

மலேசியாவில் மகப்பேற்று விடுப்பு 2023ஆம் ஆண்டு சனவரி முதல் 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தப்பட்டது. இது வரவேற்கத்தக்கதே. எனினும், குறிப்பிட்டவரைத் தேடும் பிணைப்பு முதலாண்டின் பிற்பாதியிலேயே தெளிவாக உருப்பெறுகின்றது என்பதை இங்கு நினைத்தல் வேண்டும். விடுப்பு முடிந்து தாய் பணிக்குத் திரும்பும்போது குழந்தைக்கு மூன்று திங்களே நிறைந்திருக்கும். அதன் பிணைப்பு, தாயின் கையிலும், பாட்டியின் அல்லது பராமரிப்பாளரின் கையிலும் ஒருங்கே உருவாகவுள்ளது. குழந்தைப் பராமரிப்பு நிலையங்களுக்கென 1984ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றிய நாடு இது. அந்நிலையங்களில் பணியாற்றுவோர் அடிக்கடி மாறாதிருத்தல், ஒருவர் பொறுப்பில் சில குழந்தைகளே இருத்தல், அவருக்குத் தக்க ஊதியம் கிடைத்தல் ஆகியன குழந்தையின் உள்ளத்தோடு நேரடித் தொடர்புடையவை என்பதை நாம் உணர்தல் வேண்டும். பௌல்பியின் செவிலி பணியைவிட்டு நீங்கியபோது அச்சிறுவனின் துயரை யாரும் பொருட்படுத்தவில்லை. இன்று அதனைப் பொருட்படுத்தாமைக்கு நமக்குக் காரணம் ஏதும் இல்லை.

முடிவுரை

பிணைப்பு பிறப்பால் வருவதன்று. பேணுதலால் வருவது என்பதைப் பிணைப்புக் கோட்பாட்டின் அரை நூற்றாண்டு வளர்ச்சி தெளிவாக்கியுள்ளது. யசோதையைத் தாய்மையின் உச்சமாகவும், தேவகியை அத்தாய்மைக்கு ஏங்குபவளாகவும் படைத்த தமிழ்ப் பக்தி இலக்கியமும், நற்றாயோடு செவிலிக்கும் இடமளித்த அகமரபும் இதனோடு முரண்படவில்லை. ஆகவே, ஈன்றவள் வேலைக்குச் செல்வதைக் குற்றமாகக் காட்ட யசோதையைச் சான்றாக அழைப்போர், அப்பாசுரங்களின் பொருளையே தலைகீழாக்குகின்றனர்.

ஈன்ற தாயின் சிறப்பை இவ்வாய்வு எவ்வகையிலும் குறைக்கவில்லை. அவளும் நாள்தோறும் ஆட்டியும் ஊட்டியும் அழுகையின் குறிப்பறிந்துமே தாயாகின்றாள். அவ்வுழைப்பில் பங்கேற்கும் தந்தையும் பாட்டியும் ஆயாவும் பராமரிப்பாளரும் அவளுக்குப் போட்டியாளர் அல்லர். செவிலி தேடிச் சென்றபோது நற்றாய் அவளைத் தடுக்கவில்லை. அவள் கொண்டுவரும் செய்திக்காகக் காத்திருந்தாள். குழந்தை வளர்ப்பைப் பற்றிப் பேசும் நம் மேடைகள் அக்காத்திருப்பின் பெருந்தன்மையிலிருந்து கற்க வேண்டியது இன்னும் உண்டு.